நாக்குக்கடியில் பத்துச் சொட்டு

வீட்டில் அளந்தால் நூற்றிருபத்தைந்து. நாண்டி டவுனில் அந்த டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து அளந்தால் நூற்றுத் தொண்ணூறு. நடுவில் ஒரு பஸ் பயணம், அவ்வளவுதான். சபேட்டோவிலிருந்து நாண்டிக்குப் போவதற்குள் ஒரு மனுஷிக்கு இரத்த அழுத்தம் இத்தனை எப்படி ஏறும் என்று டாக்டர் கேட்டார், என் வீட்டுக்காரர் கேட்டார், ஆக்லாந்திலிருந்து மகன் போனில் கேட்டான். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் அங்கே போய்க் கையை நீட்டுகிறேன்? கேட்பதற்கு மட்டும் எல்லாருக்கும் நன்றாகத் தெரிகிறது.

விஷயம் இதுதான். எங்கள் இரண்டு பேரையும் ஃபிஜியிலிருந்து நியூசிலாந்துக்கு நிரந்தரமாக அழைத்துக்கொள்ள மகன் மனுப் போட்டிருந்தான். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ், பழைய போட்டோக்கள், எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இருந்தது மெடிக்கல் மட்டும்தான். நியூசிலாந்துக்காரர்கள் ஒத்துக்கொண்ட டாக்டர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் ஒருவரிடம்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு முதல் நாளே முடிந்துவிட்டது, நூற்றுப் பதினெட்டு. சாயங்காலம் ஆனால் பேசின் நிறைய கிராக், அதாவது கவா வேர்ப் பொடி, கரைத்துக் குடிக்கிற மனுஷன். அந்த வேர்த் தண்ணீரைக் குடித்தே நரம்பெல்லாம் தளர்ந்துபோயிருக்கும் என்று நான் வயிற்றெரிச்சலில் சொன்னேன். அவர் சிரித்தார்.

எனக்கு முதல் தடவை ஏறியபோது டாக்டர் இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். இரண்டாவது தடவையும் ஏறியது. மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மார்டின்டாரில் ஒரு ஓட்டலின் துணி வெளுக்கும் பகுதியில் எனக்கு வேலை, படுக்கை விரிப்பு மடிப்பது. விரிப்பைப் பிடித்தபடியே கண் இருட்டிக் கீழே விழுந்தேன். நல்லபடியாக இருந்த அழுத்தத்தை மாத்திரை பாதாளத்துக்கு இறக்கிவிட்டதாம். டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு, மேஜைமேல் பேனாவைத் தட்டிக்கொண்டே சொன்னார். மூன்றாவது தடவை என்ன வருகிறதோ அதை அப்படியே எழுதி அனுப்பிவிடுவார். அதிகமாக இருந்தால் அவர்கள் இருதயச் சோதனை, அது, இது என்று கேட்பார்கள். அதெல்லாம் முடிவதற்குள் அவர்கள் அனுப்பிய கடிதத்தில் போட்டிருக்கும் கடைசித் தேதி தாண்டிவிடும். தாண்டினால் மனு மூடப்படும்.

போயே ஆக வேண்டுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் கூ நடந்தபோது என் தங்கை கனடா போனாள். ஆட்சியைக் கவிழ்ப்பதற்கு எங்கள் ஊரில் கூ என்றுதான் பெயர், பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இரண்டாவது கூவில் அண்ணன்கள் இரண்டு பேரும் ஆஸ்திரேலியா போனார்கள். மூன்றாவது கூவுக்கு அப்புறம் படிப்பை முடித்த கையோடு மகன் போனான். ஒவ்வொரு தடவையும் நாண்டி விமான நிலையத்தில் மாலை போட்டு, கட்டிப்பிடித்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டியவள் நான். அங்கே தரை துடைக்கிற பெண்ணுக்கு என் முகம் பழக்கமாகிவிட்டது. இன்று யார் போகிறார்கள் என்று கேட்பாள். ஓட்டலில் நான் விரிப்பு மடிக்கிற கூரைக்கு மேலே ஒரு நாளைக்கு எத்தனை விமானம் போகிறதோ அத்தனை தடவையும் என் கை நின்றுவிடும். அப்படிப் பல வருஷம்.

என் வீட்டுக்காரர் ஒரு நாளும் போகமாட்டேன் என்று சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கோபம். சொன்னால் சண்டையாவது போடலாம். இரண்டாவது கூவுக்குப் பிறகு தவுவாவில் எங்கள் குத்தகை முடிந்தது, புதுப்பித்துத் தரவில்லை. இருபது வருஷம் கரும்பு போட்ட மண்ணை விட்டுவிட்டு சபேட்டோவுக்கு வந்து, யாருடைய நிலத்திலோ பங்குக்கு நாலு ஏக்கர் பிடித்து, ஒரு ஜோடி மாடு வாங்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வாரத்தில் மூன்று நாள் விமான நிலையத்தில் புல் வெட்டும் வேலை. அவர் புல் வெட்டுகிற இடத்துக்கு மேலேதான் மகனும் பறந்து போனான், அவர் தலையைத் தூக்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னபோது போட்டார். போட்டுவிட்டு, இங்கே என்ன குறை என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் கத்திய கத்தலில் மாடு கயிற்றை இழுத்தது. அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

டாக்டர் நாற்காலியில் எனக்கு ஏன் ஏறுகிறது என்று உண்மையில் எனக்குத் தெரியும். முதலிலேயே தெரியாது என்று சொன்னேனே, அது எல்லாருக்கும் சொன்ன பதில்.

இரண்டாவது கூவின்போது, தவுவாவில், ஒரு காலை பத்து மணி இருக்கும். பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் மகன் வீட்டில் இருந்தான். ஐந்தாறு பேர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவன் என் இடது மேற்கையைப் பிடித்துக்கொண்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் அரிசி மூட்டையையும் கோழிகளையும் டேப் ரெக்கார்டரையும் என் தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் பிடித்தபடியே நின்றான். நான் அசைந்தால் இறுக்குவான், சும்மா இருந்தால் கொஞ்சம் விடுவான். மகன் கட்டிலுக்கு அடியில் இருந்தான். என் வீட்டுக்காரரைச் சுவரோரம் நிறுத்தி இன்னொருவன் காவல் நின்றான், அவன் கையில் கரும்புக் கத்தி. எங்கள் வீட்டுக் கத்திதான். அன்று சாயங்காலம் பக்கத்துக் கிராமத்து ஃபிஜியர் குடும்பம் ஒன்று மரவள்ளிக்கிழங்கும் மீனும் கொண்டுவந்து கொடுத்து, ஒரு வாரம் எங்கள் வீட்டிலேயே காவலுக்குத் தங்கியது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

டாக்டர் அந்த மேற்கையில்தான் பட்டையைக் கட்டுவார். ரப்பர் பந்தை அமுக்குவார். பட்டை இறுகும், கொஞ்சம் விடும். மகன் அனுப்பிய வீட்டு மிஷின் மணிக்கட்டில் மாட்டுவது, அது என்னை ஒன்றும் செய்வதில்லை. வலது கையில் கட்டிப் பாருங்கள் என்று ஒரு தடவை கேட்டேன். கட்டினார். அதற்குள் உடம்பு முந்திக்கொண்டுவிட்டது, அதிலும் நூற்றெண்பத்தெட்டு. விஷயத்தை அவரிடம் சொல்லிவிடலாமே என்றால், மனநிலை சரியில்லை என்று அதையும் ஒரு ஃபாரத்தில் எழுதிவிட்டால்? அதனால் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசினதே கிடையாது. ஊரைவிட்டுப் போவதற்கு எனக்கு வேண்டிய ஒரு எண்ணை, எந்தக் காரணத்துக்காக ஊரைவிட்டுப் போகிறேனோ அந்தக் காரணமே தரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

இந்தச் சமயத்தில்தான் கனடாத் தங்கை அந்த எண்ணெயைப் பற்றிச் சொன்னாள். அவள் அங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே கடையிலேயே விற்கிறார்களாம், சி.பி.டி. எண்ணெய் என்று. கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, ஆனால் போதை ஏற்றுகிற சரக்கு அதில் இல்லையாம், மனதை அமைதிப்படுத்துகிற சரக்கு மட்டும்தானாம். கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதும் நான் போனை வைக்கப் பார்த்தேன். எங்கள் ஊரில் அந்தச் செடியின் இலை ஒன்று சட்டைப் பையில் இருந்தால் போதும், ஜெயில். அவள் விடவில்லை.

"அக்கா, நானே தெனம் போட்டுக்கறேன். பத்துச் சொட்டு நாக்குக்கடில வுட்டு ஒரு நிமிஷம் வெச்சிரு. ஒரு மணி நேரத்துல அவன் பட்டையக் கட்டட்டும், கயித்தக் கட்டட்டும், உனக்கு ஒண்ணும் தெரியாது."

பா டவுனில் ஒரு கல்யாணத்துக்காகக் கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்ணின் பெட்டியில், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் என்ற பெயரில் அது வந்து சேர்ந்தது. கட்டைவிரல் அளவுக் கண்ணாடிப் பாட்டில், மூடியிலேயே சொட்டு விடுகிற குழாய். பாட்டிலைச் சுற்றி ஒரு சீட்டு, அதில் தமிழில் மூன்று வரி. பத்துச் சொட்டு. ஒரு மணி நேரம் முன்னால். பயப்படாதே. தவுவாவில் கோயில் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் படித்த எழுத்து. எங்கள் பிள்ளைகளுக்கே அது படிக்கத் தெரியாது, கஸ்டம்ஸ்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது? எங்களுக்கென்று கடைசியாக மிஞ்சியிருக்கிற பூட்டு அது ஒன்றுதான்.

அடுத்து நான் செய்ததைக் கேட்டால் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் வீட்டுக்காரர் இருபது வருஷமாக மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவர். அதற்குப் பத்து நாள் விரதம் இருப்பார், கவுச்சி கிடையாது, தனிப் பாய், ஒரு வேளைச் சாப்பாடு, மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு கணக்கு. இவ்வளவு தூரம் கடல் தாண்டி, போலீஸ் கண்ணுக்குத் தப்பி வந்த மருந்து, கோழிக் குழம்பு ஓடுகிற உடம்பில் எப்படி வேலை செய்யும்? மூன்றாவது சோதனைக்குப் பதினொரு நாள் இருந்தது. பாட்டிலை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து நானும் பத்து நாள் விரதம் எடுத்துக்கொண்டேன். கஞ்சா எண்ணெய்க்கு விரதம் இருந்த முதல் மனுஷி நான்தான் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு, கிழக்கே பார்த்து நின்று, பத்துச் சொட்டு விட்டுக்கொண்டேன். ஐயோ, என்ன கசப்பு. தொண்டையில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. ஒரு மணி நேரம் என்று தங்கை சொன்னாள், எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, தோள் இரண்டும் தாமாகக் கீழே இறங்கின. இத்தனை நாள் அவை மேலே தூக்கி நின்றதே அப்போதுதான் தெரிந்தது. வேலைக்குப் போனால், தினமும் என் உயிரை எடுக்கிற மேற்பார்வைக்காரி விரிப்பில் கறை இருக்கிறது என்று கத்தினாள். கத்தட்டும் என்று இருந்தது. மேலே விமானம் போனது. என் கை நிற்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, பல வருஷத்தில் அப்படி ஒரு நாள் எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்றாம் நாள் ஒரு குறும்பு செய்தேன். மாட்டை விலை பேச ஒருவன் வந்து போனதிலிருந்து என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இவருக்கும் கொஞ்சம் அமைதி கிடைக்கட்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் டீயில் பத்துச் சொட்டு விட்டுக் கொடுத்தேன். குடித்தார். டீயில் ஏதோ மிட்டாய் வாசனை வருகிறது என்றார். இரண்டு மணி நேரம் நோட்டம் பார்த்தேன், அதே உர்ரென்ற முகம். ஆம்பளை உடம்பு, எருமைத் தோல், மருந்தும் ஏறாது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது, தங்கை போன் செய்ததாக அவர் சொன்னார். என்ன விஷயம் என்றேன். சும்மாதான், உன் விரதம் எப்படிப் போகிறது என்று கேட்டாள் என்றார். அதற்கு அடுத்த நாளிலிருந்து அம்மன் படத்துக்கு அவரே செம்பருத்தி பறித்துக்கொண்டு வந்து வைத்தார். வேலைக்குப் போகும்போது மருந்து போட்டாயா என்று மறக்காமல் கேட்டார். இந்த மனுஷனுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று எனக்குள் ஒரே சந்தோஷம். சோதனைக்குப் போகிற அன்று காலை, மஞ்சள் கிழங்கு கட்டிய காப்பு நூலை எடுத்துவந்து என் மணிக்கட்டில் கட்டினார்.

"நெருப்புல எறங்கறவங்களுக்குக் கட்டறது. ஒண்ணும் ஆவாது, போ."

நான் பாட்டிலை முந்தானைக்குள் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். விமான நிலைய நிறுத்தம் வந்ததும் பத்துச் சொட்டு.

நாற்காலி அதே நாற்காலி. நர்ஸ் பட்டையைக் கட்டினாள், டாக்டர் பந்தைப் பிடித்தார். இறுகியது. அந்தக் கை வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது, ஐந்து விரலும் பதிந்தது தெரிந்தது. ஆனால் உள்ளே மருந்து இருக்கிறதே. நீ பிடி, எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள், மருந்து உள்ளே இருக்கிறது என்று மனதுக்குள் சொன்னேன். பட்டை கொஞ்சம் விட்டது. டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, மிஷினை விரலால் தட்டிவிட்டு, மறுபடி அளந்தார். முதலில் நூற்று முப்பத்து நாலு, அப்புறம் நூற்று முப்பது. பேனாவை எடுத்து எழுதினார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கித் தந்தார்கள்.

ஆறு வாரத்தில் விசா வந்தது. மகன் டிக்கெட் அனுப்பினான். மாடு இரண்டும் மூன்று வீடு தள்ளி ஒருவனுக்குப் போயின. அவன் அவற்றை ஓட்டிக்கொண்டு போன அன்று என் வீட்டுக்காரர் புல் வெட்டப் போய்விட்டார், அன்று அவருக்கு வேலை நாளே இல்லை. அதற்கப்புறம் மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. கிராக்கும் கரைக்கவில்லை. பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். காலையில் எழுந்து போய் வெற்றுக் கொட்டகையில் நிற்பார், நான் கூப்பிட்டால் வருவார். எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் என்னவோ பண்ணியது. பாட்டிலில் கால் பங்கு மிச்சம் இருந்தது. இந்தத் தடவை ஒளிக்காமல், அதைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். எனக்கு உயிர் கொடுத்த மருந்து, நாக்கை உயர்த்துங்கள் என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கோயிலில் தீர்த்தத்துக்கு நிற்பதுபோல வாயைத் திறந்தார்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லா இருக்கு என்றார். மறுநாளும் நல்லா இருக்கு. அதற்கு மறுநாளும் நல்லா இருக்கு. ஆனால் கொட்டகையில் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

கிளம்புவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது தங்கை கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, இனிமேல் சொன்னால் தப்பில்லை என்று ஆரம்பித்தாள். எண்ணெய் அனுப்புகிற அன்று அவள் வீட்டுக்காரர் சத்தம் போட்டாராம். நாண்டியில் பிடித்தால் பெட்டி கொண்டுபோகிற பெண்ணுக்கு ஜெயில், உன் அக்காவுக்கும் ஜெயில், விசாவாவது மண்ணாவது என்று. அவள் பயந்துபோய், பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டு, சமையல்கட்டில் இருந்த வாசனை நீக்கிய தேங்காயெண்ணெயை ஊற்றினாளாம். மருந்து மாதிரி இருக்கட்டும் என்று நாலு சொட்டு பெப்பர்மின்ட்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தேங்காய் விழுந்து தரையில் உருண்டு கிடக்கிற ஊருக்குக் கனடாவிலிருந்து தேங்காயெண்ணெய். அதற்குப் பத்து நாள் விரதம், மஞ்சள் காப்பு. அப்புறம் அந்தக் கசப்பு ஞாபகத்துக்கு வந்தது. எவ்வளவு கசந்தது! கசக்க அதில் ஒன்றும் இல்லையே. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. என் வாழ்க்கையே அதில் தொங்கிக்கொண்டு இருந்தபோது என்னை ஏமாற்றி வைத்தாயே என்று கத்தினேன். அவள் அழுதுவிட்டாள்.

"அக்கா, மனசு கேக்காம அந்த வாரமே சொல்லலாம்னுதான் போன் பண்ணேன். நீ வேலைக்குப் போயிட்ட. மாமாகிட்டச் சொன்னேன். குழிமேல கால வெச்சவங்ககிட்டப் போயி அது நெருப்புன்னு சொல்லுவியா, வாய மூடிக்கிட்டு இருன்னாரு."

போனை வைத்துவிட்டேனா, அவள் வைத்தாளா, ஞாபகமில்லை. மடித்துக்கொண்டிருந்த புடவை கையிலேயே இருந்தது. ஒவ்வொன்றாகப் புரிந்தது. செம்பருத்தி புரிந்தது. காப்பு நூல் புரிந்தது. வாயைத் திறப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தது புரிந்தது. அது தெரிந்த பிறகு எந்த நாளாவது அவர் வெறும் எண்ணெய் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எனக்கு நூற்றுத் தொண்ணூறு ஏறியிருக்கும். மனு மூடியிருக்கும். மாடு இரண்டும் இப்போது கொட்டகையில் நின்றிருக்கும். அவர்மேல் பழிகூட வந்திருக்காது, உண்மையைத்தானே சொன்னார்.

கொட்டகைக்குப் போனேன். அவர் மாடு கட்டுகிற கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். எண்ணெய் வெறும் எண்ணெய் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். அப்புறம் எதற்கு மூன்று நாளாக நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொன்னீர்கள் என்றேன். நீ கொடுத்தாயே என்றார். உங்களுக்குத்தான் போக இஷ்டமில்லையே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இங்கேயே இருந்திருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்றேன்.

கம்பத்தில் மாடு உரசி வழவழவென்று ஆகியிருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"தவுவாவுல அன்னைக்கி ஒருத்தன் உன் கையப் புடிச்சிக்கினு நின்னான். நான் சொவத்தோரம் நின்னு பாத்துக்கினு இருந்தேன். அந்த வார்த்தையச் சொல்லியிருந்தா, இந்தத் தடவ புடிச்சவன் நானா இருப்பேன்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. பட்டை, மேற்கை, எல்லாம். இத்தனை வருஷமும் நான் அவரிடம் சொல்லாத ஒன்றை, அவரும் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். நான் அவர் முன்னால் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். போக வேண்டாம், மகனுக்கு நானே சொல்லிவிடுகிறேன், மாட்டைத் திரும்பக் கேட்கலாம், நான் போகவே இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் குனிந்து என் புடவையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டார். மாடு போய்விட்டது, நிலத்துக்கு ஆள் வந்தாயிற்று, எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டு என்றார். கோபமாக இல்லை, அழுகையாக இல்லை, சாதாரணமாகச் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

ஐந்து நாளும் காத்திருந்தேன். ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்வார், போக வேண்டாம் என்பார், நான் உடனே சரி என்று சொல்லிவிடலாம் என்று. அவர் சொல்லவில்லை. ஆக்லாந்தில் குளிருமாமே, கம்பளி வாங்க வேண்டுமா என்று கேட்டார். பேசினைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். அம்மன் படத்தைத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். பாட்டிலில் மீதி இருந்த எண்ணெயை நான் தலையில் தேய்த்துக் குளித்தேன், வேறு என்ன செய்வது.

விமான நிலையத்துக்கு எங்களை மாடு வாங்கினவன்தான் அவன் லாரியில் கொண்டுவந்து விட்டான். வழியனுப்ப வேறு யாரும் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லாரையும் நான்தான் முன்னாலேயே அனுப்பிவிட்டேனே. தரை துடைக்கிற பெண் என்னைப் பார்த்துவிட்டு, இன்று யார் போகிறார்கள் என்று வழக்கம்போல இந்தியில் கேட்டாள். நான்தான் என்றேன். அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமும் நான் இந்தப் பக்கம் நின்ற கதவு. யாராவது என் கையைப் பிடித்து இழுத்தால் போதும், நின்றுவிடுவேன் என்று இருந்தது. ஒருவரும் பிடிக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு, முன்னால் நடக்கும்படி எனக்குத் தலையை ஆட்டினார். நான் நடந்தேன்.